விருந்தினனின் கோப்பை

2024ஆம் ஆண்டு சனவரித் திங்கள், பொங்கலுக்குச் சில நாள்கள் முன்னதாக, எண்ணூர் முகத்துவாரத்தை ஒட்டிய ஒரு மீனவர் குப்பத்தில் வீடு சந்திக்கச் சென்றிருந்தேன். அதற்கு ஒரு மாதம் முன்பு, 2023 டிசம்பர் முதல் வாரத்தில், மிக்ஜாம் புயலின் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவும் கலந்து கொசஸ்தலையாற்றின் கழிமுகத்தில் வந்து சேர்ந்ததை நாடே அறியும். படகும் வலையும் அலையாத்திச் செடியும் ஒரே கருமையாகிப் போயின. நான் நுழைந்த வீட்டின் சுவரிலும் முழங்கால் உயரத்தில் ஒரு கரிய கோடு ஓடிற்று. தேய்த்துத் தேய்த்துப் பார்த்துவிட்டுக் கைவிட்ட கோடு அது.

அவ்வீட்டுக்குரியவர் அறுபதைக் கடந்த ஒரு கைம்பெண். என்னைக் கண்டதும் பரணிலிருந்து ஒரு பீங்கான் கோப்பையை இறக்கி, முந்தானையால் துடைத்து, தேநீர் ஊற்றப் போனார். வீட்டிலுள்ளோர் குடிப்பதற்கு எவர்சில்வர் தம்ளர்கள் அடுப்படியில் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. "எனக்கென்று தனிக் கோப்பை எதற்கம்மா? நீங்கள் குடிக்கிற தம்ளரிலேயே கொடுங்கள்" என்றேன். எளிமையாக நடந்துகொண்டதாகவே எண்ணினேன். அந்த அம்மையாரின் முகம் வாடிவிட்டது. "எண்ணெ வந்து எல்லாத்தையும் பூசிட்டுப் போச்சு சாமி. மேல இருந்ததால இந்தக் கப்பு ஒண்ணுதான் தப்பிச்சுது. அதுலயும் குடிக்கமாட்டேன்னா எப்பிடி?" என்றார். ஆயினும் நான் சொன்னபடியே தம்ளரில் தந்தார். குடித்துவிட்டு வந்தேன். ஆனால் அந்தத் தேநீர் எனக்குச் செரிக்கவில்லை.

செரியாமைக்கு வேறொரு காரணமும் உண்டு. அதற்கு முந்தைய ஞாயிறன்றுதான் பங்கு இளைஞர் கூட்டத்தில் எளிய வாழ்வைப் பற்றிப் பேசுகையில், ஜப்பானியரின் தேநீர் நெறியை வானளாவப் புகழ்ந்திருந்தேன். கரடுமுரடான ஒரு மண் கிண்ணத்தில் அவர்கள் அழகைக் கண்டார்கள் என்றும், ஓர் ஓரம் சிதைந்த பாத்திரத்திலும் நிறைவு கண்டார்கள் என்றும் கூறியிருந்தேன். நான் புகழ்ந்தது எதை? நான் செய்தது என்ன? இவ்விரண்டையும் ஒன்றாக வைத்து எண்ணிப் பார்த்ததன் பயனே இக்கட்டுரை.

ஜப்பானியத் தேநீர் நெறி ஒரே நாளில் பிறந்ததன்று. பதினைந்தாம் நூற்றாண்டில் முரடா ஜுகோ என்பவரும், அவருக்குப் பின் தகேனோ ஜோஓ என்பவரும் வகுத்த வழியைச் சென் நோ ரிக்யூ (1522–1591) முழுமைப்படுத்தினார். அதற்கு முன்பெல்லாம் செல்வர்கள் சீனத்திலிருந்து வந்த விலையுயர்ந்த கலங்களை வரிசையாக வைத்துத் தேநீர் விருந்து நடத்துவர். ரிக்யூவோ கூரை வேய்ந்த சிறு குடிலைக் கட்டினார். அவர் அமைத்ததாகக் கருதப்படும் 'தாய்-அன்' என்னும் தேநீர் அறை இன்றும் உள்ளது. அதன் பரப்பு இரண்டே பாய்கள் விரிக்கும் அளவு. அவ்வகைக் குடிலின் வாயில் ஆள் நிமிர்ந்து நுழைய இயலாத சிறு சதுரம். பேரரசின் படைத்தலைவனாயினும் இடைவாளை வெளியே வைத்துவிட்டு, தலை குனிந்து, முழந்தாளில் ஊர்ந்துதான் உள்ளே போக வேண்டும். கிண்ணங்களும் சக்கரத்தில் வனையாமல் கையாலேயே பிடித்துச் செய்யப்பட்டன. 'ராகு' எனப்படும் அக்கலங்கள் கரியனவாய், செந்நிறத்தனவாய், சற்றே கோணலாய், உள்ளங்கையில் அடங்கி இருக்கும். இந்த அழகு நெறிக்கு அவர்கள் இட்ட பெயர் 'வாபி'.

இந்நெறி நம் திருச்சபைக்கும் அந்நியமானதன்று. முத்துக்குளித்துறையில் நம் கடலோர மக்களிடையே உழைத்த புனித சவேரியாரே 1549ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் ஜப்பானின் ககோசிமா நகரில் கரையிறங்கினார். அவர் இறந்த 1552ஆம் ஆண்டிலேயே அங்கே பிறந்தவர் தகாயமா உகோன். பன்னிரண்டாம் வயதில் யுஸ்தோ என்னும் பெயருடன் திருமுழுக்குப் பெற்ற இவர், பின்னர் சிற்றரசராகவும் ரிக்யூவின் தலைசிறந்த மாணாக்கர் எழுவருள் ஒருவராகவும் விளங்கினார். 1587இல் ஹிதேயோஷி என்னும் ஆட்சித்தலைவர் மறைப்பணியாளர்களுக்கு எதிராக ஆணை பிறப்பித்தபோது, விசுவாசத்தை விடுவதினும் நாட்டை விடுவதே மேல் எனத் தம் நிலங்களைத் துறந்தார். 1614இல் நாடு கடத்தப்பட்டு, மறு ஆண்டு மணிலாவில் உயிர் நீத்தார். 2017 பிப்ரவரி 7ஆம் நாள் ஒசாகா நகரில் அருளாளராக உயர்த்தப்பட்டார். அவருடன் பழகிய இயேசு சபைக் குருவான ரொட்ரீகஸ் ஒரு செய்தியைப் பதிவு செய்துள்ளார். உகோன் தம் தேநீர்க் குடிலையே செபக்கூடமாகவும் பயன்படுத்தினாராம். இறைவனோடு தனித்திருக்க அதைவிட ஏற்ற இடம் அவருக்குக் கிடைக்கவில்லை.

இதுவரை சொன்னதில் புகழத்தக்கதே மிகுதி. இனிதான் இடர்ப்பாடு தொடங்குகிறது.

'வாபி' என்னும் சொல்லுக்கு முதற்பொருள் அழகு அன்று. ஏங்குதல், நலிதல், ஆதரவற்றுத் தவித்தல் என்பனவே அச்சொல்லின் வேர்ப்பொருள்கள். துயரைக் குறித்த ஒரு சொல் எவ்வாறு இன்பத்தைக் குறிக்கும் சொல்லாயிற்று? அத்துயரைத் தாமே தேர்ந்துகொண்டவர்கள் அதைப் பேசத் தொடங்கியபோது ஆயிற்று. ரிக்யூ செல்வம் மிக்க சாக்காய் துறைமுகத்து வணிகர் குடியில் பிறந்தவர். அவர் குடிலில் ஊர்ந்து நுழைந்தவர்கள் கோட்டைகளில் வாழ்ந்தவர்கள். அவர் பணி செய்த ஹிதேயோஷியோ சுவரும் கூரையும் பொன்தகடு போர்த்த தேநீர் அறை ஒன்றையும் செய்து வைத்திருந்தார். கொரியாவில் எளிய மக்களின் புழக்கத்திற்கென ஏதோ ஒரு பெயர் தெரியாத குயவன் வனைந்த 'கிசாயெமோன்' என்னும் கிண்ணம், பின்னர் ஜப்பானில் பெருஞ்செல்வர்களின் உடைமையாகி, இன்று நாட்டின் தேசியக் கருவூலமாகக் கியோத்தோ மடாலயம் ஒன்றில் காக்கப்படுகிறது. 1579இல் ஜப்பான் சென்ற இயேசு சபைப் பார்வையாளர் வலிஞ்ஞானோவுக்கு ஒரு சிற்றரசர் தம் சிறு மண்குப்பி ஒன்றைப் பெருமையுடன் காட்டினார். பெரும்பொருள் கொடுத்து வாங்கியது அது. நம் ஊரில் பறவைக் கூண்டில் தண்ணீர் வைக்கத்தான் இது பயன்படும் என்று வலிஞ்ஞானோ வியந்து எழுதினார். ஆயினும் அவரே, வருவோரை மரபுப்படி உபசரிக்க நம் இல்லங்களிலும் தேநீர் அறை இருக்க வேண்டும் என்று தம் சபையினருக்கு விதித்தார். விலையை அவரால் விளங்கிக்கொள்ள இயலவில்லை, விருந்தோம்பலை விளங்கிக்கொண்டார்.

எண்ணூரிலும் காசிமேட்டிலும் இருந்துகொண்டு இதைப் படிக்கிறவனுக்கு ஒரு கேள்வி எழாமல் இராது. உடைந்த கோப்பையில் அழகு காண்பது, உடையாத கோப்பையும் வைத்திருப்பவனுக்கு எளிது. வேறு கோப்பையே இல்லாதவளிடம் போய், "அம்மா, இந்த விரிசல் எவ்வளவு அழகு!" என்று சொல்லலாமா? எண்ணெய் படிந்த அச்சுவரையும் துருவேறிய படகையும் நிழற்படமாக எடுத்துக் கண்காட்சியில் வைத்தால் பார்ப்பவர் நெஞ்சை அவை ஈர்க்கக்கூடும். கருமையும் செம்மையும் கலந்த அந்த நிறம் ராகு கிண்ணத்தின் நிறம்தான். ஆனால் அந்நிறத்தின் நடுவே ஒருத்தி சோறு பொங்க வேண்டியிருக்கிறது. பிறருடைய வறுமையை நம் கண்ணுக்கு அணிகலனாக்குவது பாவமன்றோ?

நம் பகுதியிலேயே இதற்கு ஒரு பழங்கதை உண்டு. பட்டினத்தாரின் சமாதி திருவொற்றியூரில் கடற்கரையை ஒட்டி உள்ளது. அவரும், அரச வாழ்வைத் துறந்து அவருக்குச் சீடரான பத்திரகிரியாரும் திருவிடைமருதூர்க் கோயிலில் ஆளுக்கொரு வாயிலில் இருந்தனராம். பத்திரகிரியாரிடம் பிச்சையெடுக்கும் ஓடு ஒன்றும், அவரை அண்டிய நாய் ஒன்றும் இருந்தன. பட்டினத்தாரிடம் ஓர் இரவலன் வந்து சோறு கேட்டபோது, "நானோ ஒன்றுமில்லாதவன், அந்த வாயிலில் ஒரு சமுசாரி இருக்கிறான், அவனிடம் போ" என்றாராம். அதைக் கேட்ட பத்திரகிரியார் பதைத்துப்போய் ஓட்டை வீசியெறிந்தார். அது நாயின் மேல் பட்டு நாயும் மாண்டது என்பது கதை. மணிமுடியைத் துறந்தவருக்கு ஒரு மண்ணோடு தடையாயிற்று. துறவும் ஓர் உடைமையாகிவிடக்கூடும் என்பதை இதனினும் தெளிவாகச் சொல்ல முடியாது. அக்கதையில் என்னை உறுத்துவது அந்த நாயின் சாவு. தம் துறவை முழுமையாக்கிக்கொள்ளும் விரைவில், தம்மை நம்பி அருகில் கிடந்த உயிரை அவர் பார்க்கவில்லை.

அன்று நான் கேட்டு வாங்கிய எவர்சில்வர் தம்ளர்தான் என் திருவோடு. எளியவனாக என்னை நானே காண வேண்டும் என்ற விரைவில், எதிரே நின்றவரின் முகத்தை நான் பார்க்கவில்லை. அவ்வீட்டில் எஞ்சியிருந்த ஒரே பெருமை அந்தப் பீங்கான் கோப்பை. வெள்ளமும் எண்ணெயும் எடுத்துக்கொள்ளாத அதை, எளிமையின் பெயரால் நான் மறுத்துவிட்டேன்.

இப்போது மறுபடியும் ஜப்பானியக் குடிலுக்குள் ஊர்ந்து செல்வோம். கலத்தின் மேலேயே கண்ணாக இருந்ததால், அங்கே நிகழ்வதை நான் சரியாகக் கவனிக்கவில்லை. அக்குடிலில் கிண்ணத்தைத் தேர்ந்தெடுப்பவர் விருந்தளிப்பவர், விருந்தினர் அல்லர். வரும் விருந்தினர் யார், பருவம் யாது, அன்றைய குளிர் எத்தகையது என்பனவற்றை எண்ணி, தம்மிடம் உள்ளவற்றுள் ஏற்றதை அவர் எடுத்து வைப்பார். அதன் அழகிய முகப்பு விருந்தினரை நோக்கும்படி தருவார். விருந்தினரோ அம்முகப்பில் வாய் வைக்கத் தயங்கி, கிண்ணத்தைச் சற்றே திருப்பிக்கொண்டு அருந்துவார். அருந்திய பின் கிண்ணத்தைக் கையிலேந்தி நோக்குவார். அது எங்கே வனையப்பட்டது என்று கேட்பார். குழைவான தேநீராயின் வந்திருப்போர் அனைவரும் ஒரே கிண்ணத்தில் மாறி மாறி அருந்துவர். இதில் விருந்தினருக்கு உரிய தாழ்மை, தருவதைத் தருகிறபடியே ஏற்றுக்கொள்வது. வாயிலில் தலை குனிந்தவர், உள்ளே வந்து, 'எனக்கு இது வேண்டாம். அது போதும்' என்று சொன்னால், குனிந்த தலை மறுபடியும் நிமிர்ந்துவிடுகிறது.

ஆகவே எளிமை என்பது கலத்தில் இல்லை. கொடுப்பவருக்கும் கொள்பவருக்கும் இடையே நிகழ்வதில் இருக்கிறது. இதற்கு மறுதலையான ஒரு சான்று நம் தமிழ்நாட்டுத் தேநீர்க் கடைகளிலேயே உண்டு. தீண்டாமையை ஒழித்த அரசியலமைப்பு 1950இல் நடைமுறைக்கு வந்தது. 1955இலும் 1989இலும் தண்டனைச் சட்டங்கள் இயற்றப்பட்டன. அவற்றுக்குப் பின்னரும், ஊரார்க்கு ஒரு குவளை, சேரியார்க்கு ஒரு குவளை என்னும் இரட்டைக் குவளை முறை எத்தனை சிற்றூர்களில் தொடர்ந்தது! அங்கும் தேநீர் அதே தேநீர்தான். இலை பறித்தவை வால்பாறையிலும் நீலகிரியிலும் இலங்கை மலைகளிலும் அட்டைக் கடிபட்ட எளிய தமிழ்ப் பெண்களின் கைகளாகவே பெரும்பாலும் இருந்திருக்கும். அக்கைகளின் உறவினருக்கே தனிக்குவளை! நமக்கு இதில் விரல் நீட்டும் உரிமையும் குறைவே. கோவிலில் தனி இடமும் கல்லறையில் தனிச் சுவரும் வைத்திருந்தவர்கள் நாமும்தான். 2003 நவம்பரில் தம்மைச் சந்தித்த தமிழகத்து ஆயர்களிடம் திருத்தந்தை இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் சாதிப் பாகுபாட்டைக் கடிந்துரைத்தது இதனால்தான்.

இங்கே ஓர் ஐயம் எழும். சாமியாருக்குத் தனிக் கோப்பை என்பதும் ஒருவகை இரட்டைக் குவளைதானே? அதை மறுத்தது எவ்வாறு தவறாகும்? இவ்வையம் நியாயமானது. குருக்களாகிய நாங்கள் தனிக் கோப்பைக்கும் தனி நாற்காலிக்கும் உரியவர்கள் என்றே எண்ணப் பழகிவிட்டோம் என்றால், அக்கோப்பை உடைந்து போவதே நன்று. ஆயினும் இரண்டும் ஒன்றல்ல. கடைக்காரன் வைத்த தனிக்குவளை, வாங்குபவனைத் தாழ்த்துவதற்காக மேலேயிருப்பவன் விதித்தது. அந்த அம்மையார் இறக்கிய கோப்பை, வந்தவனை உயர்த்துவதற்காக அவரே மனமுவந்து எடுத்தது. முன்னதில் கலம் ஒரு வேலி. பின்னதில் கலம் ஒரு காணிக்கை. எது வேலி, எது காணிக்கை என்று அறிய ஓர் எளிய சோதனை உண்டு. கலத்தைத் தந்தவர் நம்மோடு அமர்ந்து பருக இயலுமா? இயலும் என்றால் அது காணிக்கை. இயலாது என்றால், அது பொற்கிண்ணமே ஆனாலும் வேலிதான்.

நம் பலிபீடத்திற்கும் இச்சோதனை பொருந்தும். எளிதில் உடையும் கண்ணாடியும் மண்ணும் இரசக் கிண்ணத்திற்கு ஆகா என 2004இல் உரோமை மீண்டும் வலியுறுத்தியது. இறைவனுக்குரிய கலம் மேன்மையானதாக இருக்க வேண்டும் என்பது அதன் கருத்து. பரணிலிருந்து நல்ல கோப்பையை இறக்கிய அம்மையாரின் உள்ளமும் அதுவே. ஆனால் அதே திருச்சபையின் தந்தையாகிய புனித அம்புரோசியார், 378ஆம் ஆண்டுப் போருக்குப் பின் சிறைப்பட்டவர்களை மீட்கக் கோவில் கலங்களை உடைத்து உருக்கினார். எதிரிகள் தூற்றியபோது, பொன்னைக் காப்பதினும் மனிதரைக் காப்பதே மேல் என்று விடை கூறினார். பட்டினியால் வாடும் கிறிஸ்துவை வாயிலில் நிறுத்திவிட்டு அவர் பீடத்தைப் பொற்கிண்ணங்களால் நிரப்புவதில் பயனென்ன என்று புனித கிறிசோஸ்தோம் அருளப்பரும் கேட்டார். ஆக, அழகிய கலம் ஏழைக்குப் பகை அன்று. ஒரு மனித உயிருக்கு எதிரே அதை நிறுத்தி, கலத்தையே நாம் தேர்ந்தெடுக்கும்போதுதான் அது பகையாகிறது.

உடைந்த கலத்தை அரக்கால் ஒட்டி, ஒட்டிய கோட்டின் மேல் பொற்பொடி தூவும் கலையும் ஜப்பானியரிடம் உண்டு. இப்போது பலரும் அதை உவமையாக எடுத்தாள்கின்றனர். உடைவும் அழகே என்று அதிலிருந்து பொருள் கொள்கின்றனர். எனக்கு அதில் முதலில் தெரிவது வேறு: அக்கலம் ஒட்டப்பட்டது! பொன் பிறகு வந்தது. ஒட்டாத கலத்தில் பொன் தூவினால் தேநீர் ஒழுகிப்போகும். நம் தெருக்களிலும் ஒருகாலத்தில் பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் துருத்தியோடு வந்து மரத்தடியில் அமர்வார். நசுங்கியதைத் தட்டி நிமிர்த்தி, களிம்பு ஏறாதபடி ஈயம் பூசித் தருவார். அவர் வேலையில் தத்துவம் ஏதும் பேசியதில்லை. மறுநாள் அப்பாத்திரத்தில் குழந்தைக்குப் பால் காய்ச்ச முடிந்தது.

ஜப்பானில் யனாகி சோயெட்சு (1889–1961) என்னும் அறிஞர், பெயரில்லாத கைவினைஞர் அன்றாடப் புழக்கத்திற்குச் செய்த பொருள்களிலேயே மெய்யழகு உள்ளது என்று கூறி, 1936இல் டோக்கியோவில் அவற்றுக்கென ஓர் அருங்காட்சியகம் நிறுவினார். நம் வீட்டுத் தம்ளர்களைச் செய்தவர் பெயரும் எவருக்கும் தெரியாது. ஆனால் அவற்றின் விளிம்பிலே ஒரு பெயர் வெட்டப்பட்டிருக்கும். மாமன் சீராகவோ சித்தி பரிசாகவோ இந்நாளில் கொடுத்தார் என்று தேதியோடு இருக்கும். செய்தவர் மறைந்து, கொடுத்தவர் நிலைத்திருக்கிறார். கலத்தின் பெருமை கொடுத்தலில் இருக்கிறது என்று நம் பாத்திரக் கடைக்காரர்கள் யாரும் சொல்லித்தராமலே அறிந்திருக்கிறார்கள்.

அடுத்த வாரம் மீண்டும் அவ்வீட்டிற்குச் சென்றேன். வாயிலிலேயே, "அம்மா, அன்றைக்கு அந்தக் கோப்பையில் குடிக்காமல் போய்விட்டேன். இன்று அதிலே தாருங்கள்" என்றேன். அவர் ஒன்றும் பேசாமல் பரணை நோக்கிக் கை நீட்டினார். கோப்பையின் பிடியருகே ஒரு சிறு சில்லு பெயர்ந்திருந்தது. அதை மறைக்க அவர் கோப்பையைத் திருப்பி வைத்துத் தந்ததைக் கண்டேன். "நீங்களும் உட்கார்ந்து குடியுங்கள்" என்றேன். முதலில் மறுத்தார், பிறகு தம் தம்ளரை எடுத்துக்கொண்டு எதிரே தரையில் அமர்ந்தார். நானும் நாற்காலியை விட்டுத் தரையில் அமர்ந்துகொண்டேன். கோப்பை எங்கே வாங்கியது என்று கேட்டேன். அவர் கணவர் துறைமுகத்தில் கூலி வேலை பார்த்த காலத்தில் பர்மா பஜாரில் ஆறு கோப்பையாக வாங்கியதாம், ஐந்து உடைந்துவிட்டனவாம்.

குடித்து முடித்ததும் அவர் ஒரு காகிதத்தை எடுத்துவந்து காட்டினார். நிவாரணப் பட்டியலில் அவர் பெயர் விடுபட்டிருந்தது. முதல் நாளே அதை என்னிடம் காட்டத்தான் எண்ணியிருந்தாராம். நான் தம்ளர் கேட்ட விதத்தில் அவருக்கு வாய் வரவில்லையாம். பங்கு அலுவலகத்திலிருந்து ஒரு பையனை வரவழைத்து, சுவரின் அந்தக் கரிய கோட்டுக்கு அருகே அமர்ந்து, மனுவை எழுதத் தொடங்கினோம்.